பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்: பிரவுசரில் இருந்தே அமைப்பது எப்படி?

பிஎஃப்சென்ஸ் என்பது ஒரு சாதாரணக் கணினிப் பெட்டியை ஃபயர்வாலாக, அதாவது நெட்வொர்க்கின் காவலாளியாக, மாற்றும் மென்பொருள். இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள பெட்டியில் அதை நிறுவிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினியை லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டில் இணையுங்கள். இணையம் வரும் கேபிளுக்கு வேன் போர்ட்; அதை இப்போதைக்குச் செருக வேண்டாம்.

படி 1: உள்ளே நுழைதல்

பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரும். அந்தச் சான்றிதழைப் பெட்டியே தனக்குத்தானே உருவாக்கிக்கொண்டது, அதனால்தான், தொடரலாம். பயனர் பெயர் அட்மின் (admin), கடவுச்சொல் பிஎஃப்சென்ஸ் (pfsense), இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்.

படி 2: விஸார்டு

முதல் அமைப்புக்கு வழிகாட்டும் இந்த விஸார்டு பெயர், நேர மண்டலம், வேன், லேன் என்று வரிசையாகக் கேட்கும். பெரும்பாலும் இருப்பதை அப்படியே விடலாம். உங்கள் மோடமும் 192.168.1.x வரிசை முகவரியில் இருந்தால் மட்டும் லேனை 192.168.10.1 என மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இரண்டும் மோதும். கடவுச்சொல்லைக் கட்டாயம் மாற்றுங்கள். அப்புறம் வேன் கேபிளைச் செருகுங்கள்.

படி 3: விதிகள்

உண்மையான வேலை இங்கேதான். ஃபயர்வால் மெனுவில் ரூல்ஸைத் திறந்தால் வேன், லேன் எனத் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். ஒரு இணைப்பு எந்தப் பக்கமிருந்து உள்ளே நுழைகிறதோ, அந்தப் பக்கத்து விதிகள்தான் அதற்குப் பொருந்தும். மேலிருந்து கீழாகப் பார்த்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். வரிசை தப்பினால் சரியான விதியும் பயன்படாது.

வெளியிலிருந்து வருவதை வேன் ஏற்கெனவே தடுக்கிறது. அங்கே எதையும் திறக்காதீர்கள். லேனில் முதல் வரியாக இருக்கும் ஆன்டி-லாக்அவுட் விதியையும் தொடாதீர்கள். நீங்களே வெளியே மாட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை. எல்லாக் கருவிகளும் ஃபயர்வாலின் டிஎன்எஸ்ஸையே பயன்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லேனில் இரண்டு விதிகள் போதும். மேலே ஒரு பாஸ் (அனுமதிக்கும்) விதி: சேருமிடம் லேன் முகவரி, அதாவது ஃபயர்வாலின் சொந்த முகவரி, போர்ட் 53 (டிஎன்எஸ் பயன்படுத்தும் எண்). அதற்குக் கீழே ஒரு பிளாக் (தடுக்கும்) விதி: சேருமிடம் எதுவானாலும், போர்ட் 53. இரண்டிலும் புரோட்டோகாலை (தரவு அனுப்பும் முறையை) டிசிபி/யுடிபி என்று மாற்ற மறக்காதீர்கள். புதிய விதியில் டிசிபி மட்டுமே தேர்வாகியிருக்கும். டிஎன்எஸ் கேள்விகளோ பெரும்பாலும் யுடிபியில் போகும். இரண்டுமே, எல்லாவற்றையும் அனுமதிக்கும் பழைய விதிக்கு மேலே இருக்க வேண்டும்.

சேவ் அழுத்தினால் மட்டும் போதாது, அப்ளை சேஞ்சஸும் அழுத்துங்கள்.

படி 4: சோதனை

கணினியின் டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ்) போட்டு, இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் விதி வேலை செய்கிறது. திறந்தால் பிரவுசரின் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். அது 443 போர்ட் வழியாகப் போவதால் இந்த விதியில் சிக்காது. ஏற்கெனவே இருந்த இணைப்புகளும் புதிய தடைக்கு உடனே கட்டுப்படாது. டயக்னாஸ்டிக்ஸில் ஸ்டேட்ஸை (நடப்பு இணைப்புகளின் பட்டியலை) திறந்து ரீசெட் செய்தால் சரியாகிவிடும். சோதித்தபின் டிஎன்எஸ்ஸைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியானதும், டயக்னாஸ்டிக்ஸ் மெனுவிலேயே பேக்கப் எடுத்துவிடுங்கள். ஒரே எக்ஸ்எம்எல் கோப்புதான், ஆனால் முழு அமைப்பும் ரகசியங்களும் அதில் இருக்கும். என்கிரிப்ட் செய்யும் வசதி அந்தப் பக்கத்திலேயே உண்டு, டிக் செய்துகொள்ளுங்கள்.