மேடே இல்லாத பழவேற்காட்டில் எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) ஓட்டுவது எப்படி

பழவேற்காடு ஏரியைச் சுற்றி மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஏரிக்கரைதான் அதிகபட்ச ஏற்றம். மலைதான் வேண்டும் என்பவர்கள் ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் பக்கம் போகட்டும். இங்கே ஓட்டுபவருக்குச் சோதனை வேறு விதம்: மணல், களி, முள், உப்பு, எதிர்காற்று. டயரும் காற்றழுத்தமும் சரியாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. மழை ஓய்ந்து மண் இறுகியிருக்கும், பூநாரைகளும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்பாதை முழுக்கக் களி. ஏப்ரலுக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். வாடைக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில் வடக்கே போகும்போது எதிர்காற்று. களைத்துத் திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும். கோடையில் நிலைமை தலைகீழ். காலையில் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்; பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழுந்ததும் திரும்பும் வழி முழுக்க முகத்தில் அடிக்கும். போகும்போது வேகம் நன்றாக வருகிறதே என்று மகிழ்ந்து தண்ணீரைத் தீர்த்துவிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கமிருந்து கிளம்புபவர்களுக்கு டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலைதான் வழி: மணலி புதுநகர், வல்லூர், மீஞ்சூர், பொன்னேரி. கன்டெய்னர் லாரி ஓயாத சாலை. விடியும் முன் புறப்பட்டால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு குட்டி யானை பிடித்துப் பொன்னேரி வரை சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அந்தச் சாலையில் ஓட்டுவதில் எந்தச் சுகமும் இல்லை.

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு சுமார் 20 கி.மீ., தார்ச்சாலை. வழியில் ஏரிக்கரை, கால்வாய்க்கரை மண்பாதைகள் பிரியும். மாட்டு வண்டியும் டிராக்டரும் போன தடம் இருந்தால் நம்பி இறங்கலாம். வயல் வரப்பில் மட்டும் ஏறாதீர்கள். டயர் பட்டால் வரப்பு உடையும். மறுபடி மண் அணைப்பது அந்த விவசாயியின் வேலையாகிவிடும்.

பழவேற்காட்டில் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம், அங்கிருந்து தெற்கே கடலோரமாகக் காட்டுப்பள்ளி நோக்கிப் போகும் சாலைதான் இந்தப் பகுதியிலேயே சிறந்த ஓட்டம். கடல் சீறும் நாட்களில் அலை மணலைக் கொண்டுவந்து சாலையில் கொட்டிவிடும். சீற்றம் இருக்கும் அன்று போக வேண்டாம். அடங்கிய பின் போனால் தார், மணல், சவுக்குச் சருகு என்று மாறி மாறி வரும். சவுக்குத் தோப்புக்குள் நுழையக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தனியார் நிலம். சருகுக்கு அடியில் வெட்டிய அடிக்கட்டை மறைந்திருக்கும்; பெடல் அதில் இடித்தால் ஆளே கவிழ்வார். தெற்கு முனையில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருப்பதால் அங்கே கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

இனி டயர். 2.25 இன்ச் அகலத்துக்குக் குறைய வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர் ட்யூப் போட்டு ஓட்டினால் காற்றழுத்தம் தாரில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ., மண்பாதையில் 26 முதல் 28, மணலில் 20 முதல் 22. ட்யூப்லெஸ்ஸாக இருந்தால் மணலில் 17 வரை இறக்கலாம். மணல் முடிந்ததும் மறுபடி அடித்துவிடுங்கள். சோம்பல்பட்டு அப்படியே தாரில் ஏறினால் முதல் குழியிலேயே ரிம் ட்யூபைக் கடித்து, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். ஆக, பம்ப் எல்லோரும் எடுத்துப் போகிறார்கள், பிரஷர் கேஜ்தான் இல்லாமல் போகிறார்கள். விரலால் அமுக்கிப் பார்ப்பது இந்த அளவுகளுக்குப் போதாது.

வேலிக்காத்தான் முள் இல்லாத பாதையே இங்கே இல்லை. ட்யூப்லெஸ் டயர் ஒவ்வொன்றிலும் 100 முதல் 120 மி.லி. சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். சென்னை வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். டயரைக் குலுக்கினால் சலசலக்கும் சத்தம் கேட்க வேண்டும். ட்யூப் போட்டவர்கள் பஞ்சர் ஒட்டியதும் மாட்டிவிடாமல், டயரின் உட்புறம் பழைய பருத்தித் துணியை ஓட்டிப் பாருங்கள். முறிந்த முள்நுனி துணியில் சிக்கும். விரலால் தேடினால் விரலில் ஏறும். இதைச் செய்யாததால்தான் ஒட்டிய பஞ்சர் அரை மணியில் மறுபடி இறங்குகிறது. ப்ரெஸ்டா வால்வ் (ஒல்லியான சைக்கிள் வால்வ்) வைத்திருப்பவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்று கூடவே கொண்டுபோங்கள். வழியில் இருக்கும் பஞ்சர் கடை காம்ப்ரஸர் குழாய் அதில் பொருந்தாது.

முள்ளைவிட மோசம் பனங்கருக்கு. விழுந்து கிடக்கும் மட்டையின் ரம்பப் பல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். சீலண்டால் அது அடைபடாது. பழைய டயரிலிருந்து வெட்டிய உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருந்தால், கிழிசலின் உட்புறம் அதைக் கொடுத்து, ட்யூப் போட்டு, குறைந்த காற்றில் வீடு வந்துவிடலாம். ட்யூப்லெஸ்காரர்களுக்கும் ஒரு ஸ்பேர் ட்யூப் அவசியம் என்பது இதற்காகத்தான்.

மணலுக்குள் நுழையும் முன்பே லேசான கியருக்கு மாறிவிடுங்கள். உள்ளே போய் மாற்றினால் செயின் பாரத்தில் கடகடக்கும், வேகமும் செத்துவிடும். உடம்பைப் பின்னால் தள்ளி, கைப்பிடியைத் தளரப் பிடித்து, மிதியை நிறுத்தாமல் சீராக மிதியுங்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையும், அலையட்டும். கைப்பிடியைத் திருப்பி நேராக்கப் பார்த்தால் விழுவீர்கள். முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

களி ஒட்டி சக்கரம் சுற்றவில்லை என்றால் வம்படியாக மிதிக்கக் கூடாது. களியோடு சருகும் சேர்ந்து பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியரை இழுத்தால், அதை ஃப்ரேமில் பிடித்திருக்கும் ஹேங்கர் முறியும். இறங்கி, குச்சியால் சுரண்டி, தூக்கிக்கொண்டு நடங்கள்.

கோடையில் ஏரி வற்றிய இடம் மைதானம்போலத் தெரியும். இறங்காதீர்கள். மேலே காய்ந்த ஏடு, கீழே சேறு. தவிர, அது பறவைகள் சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். சைக்கிள் ஊர்ச்சாலையிலும் கரையிலும் இருக்கட்டும். பூநாரைக் கூட்டம் மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தி ஒரே பக்கம் நடக்க ஆரம்பித்தால், நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் பக்கத்தில் வெறுந்தரையில் முட்டை இருக்கும். கடற்கரை மணலிலும் ஓட்ட வேண்டாம்: ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிடும் காலம்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வழியில் உள்ள அடிபம்பை நம்பாதீர்கள், பெரும்பாலும் உப்புக் கரிக்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே கழுவுங்கள், மறுநாள் என்றால் செயினில் செந்துரு ஏறியிருக்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுக்க வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் ரப்பர் சீல்களைத் தாண்டி பேரிங்குக்குள் உப்பைத் தள்ளிவிடும். இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர், மக், பழைய பிரஷ் போதும். மெட்ரோ தண்ணீர் இருந்தால் அதிலேயே. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியும் பயனில்லை. துடைத்து, செயின் முழுதாக உலர்ந்த பிறகே எண்ணெய். டிஸ்க் பிரேக்கில் ஒரு சொட்டும் படக் கூடாது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவி கிரீஸ் தடவிப் போடுங்கள். விட்டுவிட்டால் உப்பில் அரித்து ஃப்ரேமோடு இறுகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.