கண்ணாடிக்குள் வலை: ஹார்டிலா, முரானோவா?

உள்ளே வலை தெரிகிற கண்ணாடிச் சாடியைக் கண்டதும் பலரும் முரானோ (கண்ணாடிக் கலைக்குப் பெயர்போன இத்தாலியத் தீவு) என்று சொல்லிவிடுகிறார்கள், விற்பவர்களும் அப்படியே எழுதி விலையை ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் அவற்றில் பல, செக் நாட்டின் பொஹீமிய மலைப்பகுதியில் இருக்கும் ஹரஹோவ் கண்ணாடி ஆலையில் 1950களில் உருவான ஹார்டில் வகை. அந்த ஆலைக்கு 300 ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு, இத்தாலியின் பெயரை இரவல் வாங்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

முதலில் நகத்தால் உள்ளும் புறமும் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அது மேலே தீட்டியது, அல்லது அச்சில் வார்த்தது. வழவழப்பாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், வலை கண்ணாடிக்குள் மிதப்பது போலத் தெரிய வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஹார்டிலில் இருப்பது கண்ணாடி இழையில் செய்த நிஜமான வலைத்துணி. பருத்தியாக இருந்தால் உருகிய கண்ணாடியின் சூட்டில் கருகிப் போயிருக்கும், இதுவும் கண்ணாடி என்பதால் தாங்குகிறது. அதைச் சூடான கண்ணாடிமேல் சுற்றி, அதற்கு மேல் தெளிந்த கண்ணாடியை இன்னொரு அடுக்காக ஏற்றி, ஊதி வடிவம் கொடுத்திருப்பார்கள். அதனால் வலை துணி போலவே நடந்துகொள்ளும்: சாடியின் வயிற்றில் கண்கள் அகன்றிருக்கும், கழுத்தில் நெருங்கிச் சுருங்கியிருக்கும், ஓரிடத்தில் கோணலாக இழுபட்டிருக்கும், நூலை ஒட்டிப் பொடிப்பொடியாகக் குமிழ்கள் நிற்கும். சேலை முந்தானையைக் கையால் இழுத்தால் நெசவு எப்படி விலகுமோ அதே மாதிரி. இதைக் குறை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அடையாளமே அதுதான்.

முரானோவின் ரெட்டிச்செல்லோ என்ற வலைக்கண்ணாடியில் துணியே கிடையாது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் முறை அது. மெல்லிய கண்ணாடிக் கோடுகள் கொண்ட இரண்டு குமிழ்களை எதிரெதிர்த் திசையில் முறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றை ஊதிச் சேர்ப்பார்கள். கோடுகள் அடிப்பாகத்தின் மையத்தில் கிளம்பிச் சுழன்று விளிம்பு வரை போகும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு காற்றுக்குமிழ் வரிசை தப்பாமல் இருக்கும். அந்த ஒழுங்கு ஹார்டிலில் வராது. முரானோ கண்ணாடிக் கலைஞர் ஆர்க்கிமிடே செகூசோவின் மெர்லெட்டோ வகையும் 1950களைச் சேர்ந்ததுதான், ஆனால் அதில் சரிகைப் பின்னல் போல நெளிகிற இழைகள், நெய்த துணியின் குறுக்கு நெடுக்கு அதில் இல்லை.

கையெழுத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆலையின் காகித ஒட்டுச்சீட்டு எளிதில் உரிந்துவிடும், அது இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டக் கூடாது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: கழுத்து, வயிறு, அடிப்பாகம், மூன்றையும் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கழுத்துப் படத்தைத் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.