என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பொள்ளாச்சி கைடு போதுமா?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு, மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ். பெரிய வாய்ப்பு. தேர்வாகிவிட்டால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அரசு, எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உள்ள உதவித்தொகை இது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட இதைக் கோட்டைவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பல நேரம் தவறு நம் பக்கம்தான்.

பொள்ளாச்சிக்குப் போனால், தமிழில் இருக்கிறதே என்று தமிழ்நாட்டு கைடை வாங்கி வந்துவிடுகிறோம். தேர்வில் இரண்டு தாள்: மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. மனத்திறனுக்கு அந்த கைடு தாராளமாக உதவும். எண் தொடரும் எழுத்துத் தொடரும் எந்த ஊரிலும் ஒன்றுதான். பாடத் தாள் அப்படியில்லை. அது கேரளப் பாடத்திட்டத்தில் 7, 8 வகுப்புகளில் இருந்து வருகிறது. பள்ளியில் கொடுத்த எஸ்.சி.இ.ஆர்.டி. (கேரள அரசுப் பாடநூல்) தமிழ்ப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு கைடை உருப்போட்டால் உழைப்பு வீண்.

வாட்ஸ்அப்பில் வரும் மலையாள மாதிரித்தாளை அப்படியே கொடுப்பதும் சரியல்ல. நம் பிள்ளைகள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் ‘ஒளிச்சேர்க்கை’ என்று படித்த பிள்ளை ‘பிரகாச சம்ஸ்லேஷணம்’ என்று பார்த்தால் தெரிந்த விடையையே விட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக் கொடுங்கள். விண்ணப்பத்தில் மொழி தமிழ் என்று பதிவாகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் ஓ.எம்.ஆர். தாள், அதாவது விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்கும் விடைத்தாள். ஒரு கேள்வியைத் தாண்டிப் போன பிள்ளை, விடைத்தாளில் அந்த வரிசையைத் தாண்ட மறந்தால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு கட்டம் மாறிவிடும். வீட்டில் விடையை வாயால் சொல்லவைத்துப் பழக்கினால் இது தெரியவே தெரியாது. வட்டம் போட்ட தாளில், 90 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. அதனால் எதையும் காலியாக விட வேண்டாம்.

தேர்வன்று இரண்டு தாளுக்கும் நடுவே, “எத்தனை சரி?” என்று கேட்காதீர்கள். சாப்பாட்டைக் கொடுத்து, கொஞ்ச நேரம் நிழலில் உட்காரவிடுங்கள்.