அமெரிக்க உளவியல் சங்கத்தின் வாக்குச்சீட்டுகள்: புது உறுப்பினர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஏபிஏ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் அமெரிக்க உளவியல் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, கல்லூரியில் உளவியல் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சந்தா கட்டுகிறார்கள், இதழ் வருகிறது, ஆகஸ்ட் மாநாட்டுக்குப் போகிறார்கள். ஆனால் வாக்குச்சீட்டு வந்தால் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் விட்டுவிடுகிறார்கள். "யாரையும் தெரியாது, எப்படி நிரப்புவது என்றும் புரியவில்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். நிரப்பும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். வாக்களிக்க வேண்டியதன் அவசியத்தை ஆறாம் படியில் வரும் பழைய நிகழ்ச்சிகள் காட்டும்.

சங்கத்தில் சேர விண்ணப்பிக்கும் முறையை இங்கே விளக்கப்போவதில்லை. அது சங்கத்தின் தளத்திலேயே தெளிவாக இருக்கிறது.

படி 1: உங்கள் உறுப்பினர் வகையைப் பாருங்கள்

தளத்தில் உங்கள் கணக்குக்குள் போனால் எந்த வகையில் பதிவாகியிருக்கிறீர்கள் என்று காட்டும். முனைவர் பட்டம் பெற்றவர் முழு உறுப்பினராகலாம். அவருக்கு வாக்கு உண்டு. வெளிநாட்டு இணைப்பாளர் என்ற வகையில் இருப்பவருக்கு வாக்கு இல்லை. மாணவராக இருந்தபோது சேர்ந்து, பட்டம் வாங்கிய பிறகும் அதே வகையில் தொடர்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உடனே மாற்றிக்கொள்ளுங்கள். பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகளுக்குக் கட்டணம் படிப்படியாகவே உயரும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை.

படி 2: சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள்

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கல்லூரி முகவரியைக் கொடுக்காதீர்கள். வாக்குச்சீட்டு இணைய வழியில் வருகிறது. அதற்கான இணைப்பு மின்னஞ்சலில்தான் இருக்கும். கல்லூரிகளின் வடிகட்டிகள் இப்படி மொத்தமாக வரும் அஞ்சல்களைக் குப்பைக்கு அனுப்பிவிடுகின்றன. நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் அது என் பெட்டிக்கே வந்து சேரவில்லை. அதோடு, ஒப்பந்த ஆசிரியராக இருப்பவர்களுக்கு வேலை மாறினால் முகவரியும் போய்விடும். உங்கள் சொந்த முகவரியைப் பதிவு செய்துவிட்டு, சங்கத்தின் அஞ்சல்களைத் தனிக் கோப்புறைக்குள் விழும்படி ஒரு விதி எழுதி வையுங்கள்.

படி 3: ஆண்டை நாட்காட்டியில் குறியுங்கள்

சங்கத்தின் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. சந்தா அறிவிப்பு இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் தலைவர் பதவிக்கு யாரை நிறுத்தலாம் என்று கேட்கும் முன்மொழிவுச் சீட்டு வரும். அதில் அதிக ஆதரவு பெறும் ஐந்து பேர் தேர்தலில் நிற்பார்கள். ஆகஸ்டில் மாநாடு. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை தேர்தல். நவம்பரில் இன்னொரு சீட்டு, பத்து வாக்குகள் கொண்டது. சங்கத்தின் கொள்கைகளை முடிவு செய்யும் பிரதிநிதிகள் அவை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கூடுகிறது.

இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது முன்மொழிவுச் சீட்டைத்தான். செப்டம்பரில் ஐந்து பெயர்களைப் பார்த்துவிட்டு "கற்பிக்கிறவர் ஒருவர்கூட இல்லையே" என்று வருந்திப் பயனில்லை. அந்த ஐந்து பேரை முடிவு செய்தது வசந்தத்துக்கு முன்பு வந்த சீட்டு.

தேர்ந்தெடுக்கப்படுகிறவர் உடனே தலைவராகிவிடுவதில்லை. முதல் ஆண்டு அடுத்த தலைவராகவும், இரண்டாம் ஆண்டு தலைவராகவும், மூன்றாம் ஆண்டு முன்னாள் தலைவராகவும் பொறுப்பில் இருப்பார். நீங்கள் போடும் ஒரு வாக்கு மூன்று ஆண்டுகளுக்கான வாக்கு.

படி 4: தேர்தல் சீட்டில் ஐந்து பேரையும் வரிசைப்படுத்துங்கள்

இங்கேதான் நான் நெடுநேரம் திகைத்து நின்றேன். ஆகையால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

சங்கத்தின் தேர்தல் ஹேர் முறையில் நடக்கிறது. ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்தும் சட்டமன்றத் தேர்தல் போன்றதல்ல இது. முதல் விருப்பம் யார், இரண்டாம் விருப்பம் யார் என்று எண் போட வேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இப்படித்தான். 1969இல் வி. வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகே வென்றார். இலங்கையில் 2024 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலிலும் இரண்டாம் விருப்பங்களை எண்ண வேண்டி வந்தது.

பலரும் கேட்பது இது: "எனக்குப் பிடித்தவருக்கு மட்டும் 1 என்று போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விட்டால், அவருக்கு என் வாக்கு முழு பலத்தோடு போகும் அல்லவா? இரண்டாவதாக இன்னொருவரைக் குறித்தால் அவரே என் ஆளுக்குப் போட்டியாகிவிட மாட்டாரா?"

மாட்டார். உங்கள் முதல் விருப்பத்துக்கு உரியவர் களத்தில் இருக்கும் வரை இரண்டாம் எண்ணை யாரும் பார்ப்பதே இல்லை. அதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நானே போட்ட கணக்கு இது.

நூறு சீட்டுகள், ஐந்து வேட்பாளர்கள். முதல் விருப்பங்களை எண்ணியபோது க 34, ச 27, த 18, ப 12, ம 9. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் இருக்கும் ம வெளியேறுகிறார். அவருடைய ஒன்பது சீட்டுகளில் இரண்டாம் விருப்பத்தைப் பார்க்கிறார்கள். ஆறு ச-வுக்கு, இரண்டு த-வுக்கு. ஒரு சீட்டில் இரண்டாம் எண்ணே இல்லை. அது அத்தோடு செத்துவிட்டது.

இப்போது க 34, ச 33, த 20, ப 12. அடுத்து ப வெளியேறுகிறார். அவருடைய பன்னிரண்டில் க-வுக்கு 2, ச-வுக்கு 3, த-வுக்கு 7. ஆக க 36, ச 36, த 27. இனி த வெளியேறுகிறார். அவரிடம் சேர்ந்திருந்த 27 சீட்டுகளில் 9 க-வுக்கும் 14 ச-வுக்கும் போகின்றன. நான்கு சீட்டுகளில் மேற்கொண்டு எண் இல்லை. முடிவு: ச 50, க 45. ச வென்றார்.

முதல் சுற்றில் ஏழு வாக்குகள் முன்னிலையில் இருந்த க தோற்றுவிட்டார். இறுதியில் இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஐந்து. வழியில் செத்துப்போன சீட்டுகளும் ஐந்து. அந்த ஐந்து பேரும் எண் போட்டு முடித்திருந்து, ஐவரும் க-வை ச-வுக்கு மேலே வைத்திருந்தால் முடிவு 50க்கு 50. பாதியில் நிறுத்தியவர்கள் தங்கள் முதல் வேட்பாளருக்கு எந்தப் பலமும் சேர்க்கவில்லை. கடைசிச் சுற்றில் அவர்களுக்குப் பேச்சே இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஆகவே ஐந்து பேருக்கும் எண் போடுங்கள். சங்கத்தின் குழு ஒன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் எண்ணும் கணக்கு சற்றுச் சிக்கலாகும். ஆனால் நிரப்பும் உங்களுக்கு விதி அதேதான்.

வேட்பாளர்களை எப்படி அறிவது? அவர்களுடைய அறிக்கைகள் சங்கத்தின் இதழான மானிட்டரில் வரும். நான் அவற்றை அச்செடுத்துக்கொண்டு பேனாவோடு உட்காருவேன். கைபேசியில் படித்துக் கைபேசியிலேயே வாக்களிப்பதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிறு திரையில் ஐந்து பெயர்களும் ஒன்றாகத் தெரியாது, வரிசை கலைந்துவிடும். அறிக்கையில் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: இளநிலை வகுப்புகளைப் பற்றியும் பகுதிநேர ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வரியாவது இருக்கிறதா? சிகிச்சைத் தொழில், காப்பீடு, உரிமம் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், அவை முக்கியமானவையே. வகுப்பறையைப் பற்றி எழுதுகிறவர் அரிது. எழுதியவருக்கு நான் மேலான எண் தருவேன்.

படி 5: நவம்பரின் பத்து வாக்குகள்

சங்கத்துக்குள் 54 பிரிவுகள் இருக்கின்றன. பட்டியலில் எண்கள் 56 வரை போகும். 4, 11 என்ற எண்களில் இப்போது பிரிவு இல்லை. அதைப் பார்த்துப் பக்கம் சரியாகத் திறக்கவில்லையோ என்று குழம்ப வேண்டாம். இந்தப் பிரிவுகளும் மாநில உளவியல் சங்கங்களும் பிரதிநிதிகள் அவையில் இடம் பெறுகின்றன. எதற்கு எத்தனை இடம் என்பதில் இந்தச் சீட்டுக்குப் பங்கு உண்டு.

உங்களுக்குப் பத்து வாக்குகள் தரப்படும். பத்தையும் ஒரே பிரிவுக்குக் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். இங்கே எண் என்பது வரிசை அல்ல, அளவு. செப்டம்பரில் 1 என்றால் மிகவும் வேண்டியவர். நவம்பரில் 1 என்றால் ஒரே ஒரு வாக்கு. தேர்தல் சீட்டின் நினைவோடு மிகவும் பிடித்த பிரிவுக்கு 1, அடுத்ததற்கு 2, அதற்கும் அடுத்ததற்கு 3 என்று போட்டால், பிடித்ததற்குக் குறைவாகவும் பிடிக்காததற்கு அதிகமாகவும் கொடுத்ததாகிவிடும். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறை கூட்டிப் பாருங்கள், பத்து வருகிறதா என்று.

கற்பிப்பதே தொழிலாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இரண்டாம் பிரிவு. அதுதான் உளவியல் கற்பித்தல் சங்கம். 1945இல் ஏபிஏ பிரிவுகளாக அமைந்தபோதே உருவான பிரிவு அது. 'டீச்சிங் ஆஃப் சைக்காலஜி' என்ற ஆய்விதழை 1974 முதல் நடத்துகிறது. பாடத்திட்டங்கள், வகுப்புப் பயிற்சிகள், மின்னூல்கள் எல்லாவற்றையும் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் இலவசமாகத் தருகிறது. முதல் முறையாகப் புள்ளியியல் வகுப்பு எடுக்கச் சொன்னபோது எனக்குக் கைகொடுத்தது அதன் பாடத்திட்டத் தொகுப்புதான். என் பத்தில் பெரும்பங்கு அதற்கு, மீதி என் மாநிலச் சங்கத்துக்கு. மாநிலச் சங்கத்துக்கு ஒன்றும் தராமல் விடுவதை நான் விரும்புவதில்லை. உள்ளூர்ச் சட்டமன்றத்தில் உளவியலுக்காகப் பேசுவது அதுதான்.

படி 6: விதித் திருத்தம் இருந்தால் அதையும் படியுங்கள்

சில ஆண்டுகளில் சங்கத்தின் விதிகளைத் திருத்தும் கேள்வியும் வரும். ஆதரவு, எதிர்ப்பு இரண்டு தரப்பு வாதங்களும் கூடவே இருக்கும். நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சிறுபான்மை இன உளவியலாளர் சங்கங்களுக்கு அவையில் வாக்குரிமையுள்ள இடம் தரும் திருத்தம் பெரும்பான்மை பெற்றும் இந்த எல்லையை எட்டாமல் தோற்றது. வாக்களிக்காமல் இருந்தவர்களில் சிலர் வந்திருந்தாலே போதும்.

இதைவிடப் பெரிய நிகழ்ச்சி 1988இல் நடந்தது. சங்கத்தில் சிகிச்சையாளர்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது, ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் தனி இடம் வேண்டும் என்று பல்கலைக்கழக உளவியலாளர்கள் கேட்டு வந்தார்கள். அதற்காகத் தீட்டிய சீரமைப்புத் திட்டம் உறுப்பினர் வாக்கெடுப்பில் தோற்றது. அதே ஆண்டு அவர்களில் பலர் ஏபிஎஸ் என்ற தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'அசோசியேஷன் ஃபார் சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' என்ற பெயரில் இன்று இயங்குவது அதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழக உளவியலாளர்களின் உலகம் இரண்டு வீடுகளாகப் பிரிந்தது ஒரு வாக்குச்சீட்டின் முடிவால். இதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

மாநாட்டைப் பற்றிச் சுருக்கமாக

கட்டுரை அனுப்பும் முறைக்குத் தனிப் பதிவு வேண்டும். இப்போதைக்கு ஒன்று: எந்தப் பிரிவின் வழியாக அனுப்புகிறீர்கள் என்பதே பாதி வேலை. உங்கள் ஆய்வு நினைவாற்றலைப் பற்றியதாக இருந்தாலும், அதை வகுப்பறையில் செய்திருந்தால் இரண்டாம் பிரிவுக்கு அனுப்புங்கள். சுருக்கத்துக்குள் உங்கள் பெயரோ கல்லூரியின் பெயரோ வரக்கூடாது. பிரிவுகளின் ஆண்டுக் கூட்டங்கள் மாநாட்டு நாட்களிலேயே நடக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அங்கே கணக்கு வாசிக்கும்போது கவனியுங்கள், பணம் எங்கே போகிறது என்று தெரியும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுதியதைப் பார்த்துச் சேர்த்தவை

"இரண்டாம் பிரிவில் மட்டும் சேர்ந்திருக்கிறேன், ஏபிஏ சீட்டு வரவில்லை" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வராது. அந்தப் பிரிவில் சேர ஏபிஏ உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. சந்தாவும் மிகக் குறைவு. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். பிரிவின் சொந்தத் தேர்தலில் அவர் வாக்களிக்கலாம். தலைமைச் சங்கத்தின் தேர்தலுக்கு அங்கே தனியாகச் சேர வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்து ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், ஆசிரியராக இருப்பவர் பிரிவில் முதலில் சேரட்டும் என்பேன்.

இன்னொருவர், தேர்தல் முடியும் நாளில் இணைப்பைத் தேடி எடுத்துத் திறந்தபோது காலம் முடிந்துவிட்டதாகச் சொல்கிறதே என்று எழுதியிருந்தார். குறிப்பிட்டிருக்கும் நேரம் அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரம்தானா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிடும்.

கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்ட நண்பர், சந்தாவைக் குறைக்க வெளிநாட்டு இணைப்பாளராக மாறலாமா என்று கேட்டார். மாறலாம், இதழ்களுக்கும் மாநாட்டுச் சலுகைக்கும் அவருக்கு அதுவே போதும். ஆனால் மாறிய பிறகு முன்மொழிவுச் சீட்டு, தேர்தல் சீட்டு, நவம்பர்ச் சீட்டு எதுவும் வராது. அவர் முழு உறுப்பினராகவே தொடர முடிவு செய்திருக்கிறார். ஊரில் இருந்தபடியே இணையத்தில் வாக்களிக்கலாம், அதற்கு அமெரிக்க முகவரி தேவையில்லை.