ஓடும்போது ஒரு பக்கமாக இழுத்த மாடல் ஜெட்: மெயின் லேண்டிங் கியரைச் சரிசெய்த அனுபவம்

டேக்ஆஃப் ஓட்டத்தில் என் ரேடியோ கண்ட்ரோல் டர்பைன் ஜெட் மாடல் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது, முன்சக்கர ஸ்டீயரிங்கை எவ்வளவு டிரிம் செய்து சரிக்கட்டினாலும் அடுத்த முறை மறுபடி அதே கதைதான். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கவாட்டிலும் நேரான ஓர் அலுமினியப் பட்டையை வைத்துப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது: இடது மெயின் சக்கரத்தின் முன்பக்கம் லேசாக வெளியே திரும்பியிருந்தது.

சக்கரத்தைத் தாங்கும் காலான ஸ்ட்ரட்டைக் கழற்றினேன். ரிட்ராக்டுக்குள் (சக்கரத்தை உள்ளே மடக்கும் பொறி) போகும் ஸ்டீல் பின் (pin) முழு உருண்டை, அதைப் பிடித்திருந்தது கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத சின்னத் திருகின் முனை மட்டும்தான், பின்னின் மேல் வளைவாக ஒரு கீறல் பளபளவென்று தெரிந்தது. உருண்டையின் மேல் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும், சக்கரம் தரையில் மோதும் விசைக்கு அது நிற்கவே நிற்காது.

சக்கரம் ஒரு டிகிரிக்குள் உள்நோக்கி இருக்கும்படி வைத்து, ஸ்க்ரூ படும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கட்டிங் டிஸ்க்கால் அங்கே தட்டையாகத் தேய்த்தேன். அந்தப் பின் கெட்டியான ஸ்டீல், சாதாரண அரம் வழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டிஸ்க்கைத் தொடாதீர்கள். அப்புறம் அசிட்டோனால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக்கரில் நீலத்தைப் போட்டேன்; சிவப்பு வேண்டாம், அதைப் போட்டால் சூடாக்காமல் கழற்ற முடியாது.

கையோடு ரிட்ராக்ட் உட்காரும் பிளைவுட்டையும் அழுத்திப் பாருங்கள். என்னுடையதில் ஒரு மூலை ஒட்டு விட்டிருந்தது, பழைய பசையைச் சுரண்டி எடுத்து எபாக்ஸியும் கார்பன் துணியும் வைத்து ஒட்டினேன்.

இப்போது ஜெட் கோடு போட்டதுபோல் ஓடுகிறது.