டீசல் எஸ்டேட் கார் வச்சிருக்கவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புங்க

டீசல் எஸ்டேட், அதாவது கூரை பின்னாடி வரைக்கும் நீண்டு பெரிய டிக்கியோட வர்ற டீசல் கார், வாங்கலாமான்னு கேக்குறவங்க முக்காவாசிப் பேரு டிக்கியைப் பத்திதான் பேசுவாங்க. சீட்டை மடக்குனா சைக்கிள் போகுமா, பெரிய நாயை ஏத்தலாமா, கட்டில் பலகை உள்ள போகுமா. எல்லாம் போகும், அதுக்குத்தான எஸ்டேட். கொஞ்ச மாசம் கழிச்சு அதே ஆளு போன் பண்ணுவாரு, டேஷ்போர்டுல ஏதோ மஞ்ச லைட்டு எரியுது, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுன்னு. இந்த மாதிரி போன் வரிசையா வந்ததுலதான் ஒரு தடவை எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. ஆயில் மாத்துங்க, டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாத்துங்க, சர்வீஸ் புக் இருக்கான்னு பாருங்கன்னு எல்லாரும் சொல்றதை நான் சொல்லப் போறதில்ல. கீழ இருக்குறதுல பாதி நானே பண்ணுன கூத்துதான், அதனால திட்டுறதுக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

டிக்கியைப் பாத்து வாங்கிட்டு ஓட்டத்தை மறந்துடுறது

எஸ்டேட் வேணுமாங்கிறது ஒரு கேள்வி, டீசல் வேணுமாங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. டீசல் இன்ஜின் லேசுல சூடாகாது, எரிபொருளை வீணாக்காம ஓடுறதோட மறுபக்கம் அது. 4, 5 கிலோமீட்டர் போய் நிறுத்திட்டா ஆயில் சூடாகுறதுக்குள்ள பயணம் முடிஞ்சிடும். வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்னு கணக்குப் போட்டு முடிவு பண்றவங்களும் இதுல ஏமாந்துடுறாங்க, ஏன்னா குட்டிக் குட்டி ஓட்டமாவே வருஷத்துக்கு 20,000 ஓட்டுறவங்க இருக்காங்க, 8,000தான் ஓட்டுனாலும் எல்லாமே ஹைவேயில ஓட்டுறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது ஆளுக்குத்தான் டீசல் சரி. டிரெய்லர் இழுக்கணும், லோடு ஏத்தி மேடு ஏறணும்னா டீசலோட கீழ் ஆர்பிஎம் இழுவைக்கு ஈடே இல்ல, அதுல சந்தேகமே வேணாம். ஸ்கூல், கடை, வீடுன்னு சுத்துறதுக்கு மட்டும்னா பெட்ரோல் எஸ்டேட் வாங்குங்க, அதோட டிக்கியும் அதே சைஸ்தான்.

டிபிஎஃப் லைட்டு எரிஞ்சா டிபிஎஃப்பை மாத்துறது

இதைத்தான் விலாவாரியா சொல்லணும், இன்னைக்கும் யாராவது இதைப் பண்ணிட்டு வந்து நின்னா எனக்குக் கடுப்பாகுது.

டிபிஎஃப்புங்கிறது சைலன்ஸர் லைன்ல இருக்குற கரி ஃபில்டர். 2000-ல பெஜோ 607-ல வந்துச்சு, அப்புறம் 2009 வாக்குல யூரோ 5 புகை விதி வந்ததும் ஐரோப்பாவுல விக்கிற டீசல் கார் எல்லாத்துலயும் வந்து உக்காந்துக்கிச்சு. இன்ஜின் தள்ளுற கரியைப் பிடிச்சு வச்சுக்கும், ஓரளவு நிறைஞ்சதும் வண்டியோட கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலை லேட்டா ஸ்ப்ரே பண்ணி, ஃபில்டரை 600 டிகிரி வாக்குல சூடாக்கி அந்தக் கரியை எரிச்சிடும். இதுக்குப் பேரு ரீஜெனரேஷன். ஆக கரி சேர்றது ஒரு நோயே இல்ல, அது தினசரி வேலை. கரியால ஃபில்டர் அடைச்சுக்கிச்சுன்னா ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, இன்ஜின் அளவுக்கு மீறி கரி தள்ளுது. இல்ல, எரிக்க விடாம ஏதோ ஒண்ணு தடுக்குது. ரெண்டுலயுமே குற்றவாளி ஃபில்டர் இல்ல.

ஆனா நடக்குறது என்ன. லைட்டு எரியும், ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் மாட்டுவாங்க, பி2463-ன்னோ பி2002-ன்னோ கோடு வரும், கோடுல ஃபில்டர் பேரு இருக்கு, அதனால ஃபில்டரை மாத்திடுங்க சார்ன்னு சொல்லிடுவாங்க, இவரும் வண்டியோட விலையில கணிசமான ஒரு பங்கை எடுத்து வச்சிட்டு வந்துடுவாரு. சிங்க் அடைச்சுக்கிச்சுன்னு பைப்பை மாத்திட்டு, மேல என்னத்தைக் கொட்டுறாங்கன்னு பாக்காம விட்ட கதைதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு அருமையான ஒரு எஸ்டேட் வாங்குனாரு, நல்ல ஹைவே ஓட்டம் உள்ள ஆளு, டீசலுக்குப் பொருத்தமானவரு. லைட்டு வந்துச்சு, புது ஃபில்டர் போட்டாங்க. கொஞ்ச மாசத்துல திரும்ப லைட்டு. இந்தத் தடவை விலை கம்மியான ஃபில்டர் ஒண்ணு. அதுவும் அடைச்சுக்கிச்சு. கடைசியில ஒருத்தரு ஃபில்டரை வெட்டி உள்ள இருக்குறதைத் தூக்கிப் போட்டுடலாம்னு யோசனை சொல்ற அளவுக்குப் போச்சு, பல நாடுகள்ல அது சட்டப்படி குத்தம் வேற. அப்போதான் வண்டி நம்மகிட்ட வந்துச்சு. லைவ் டேட்டாவை ஓடவிட்டு ஹைவேயில ஒரு ரவுண்டு போனா கூலன்ட் சூடு 70-ஐத் தாண்ட மாட்டேங்குது. 88, 90-ல நிக்கணும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போறதைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலயே மாட்டிக்கிட்டு இருக்கு. இன்ஜின் முழுசா சூடாகலைன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கிட்டே இருந்ததால ரீஜெனரேஷனை ஆரம்பிக்கவே இல்ல. டேஷ்போர்டு முள்ளு நடுவுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது, வாங்குன நாள்ல இருந்து அங்கதான் நிக்குதுன்னு அவரு சொன்னாரு. அந்த முள்ளை நம்பாதீங்க, நிறைய வண்டிகள்ல நிஜ சூடு கொஞ்சம் ஏறி இறங்குனாலும் முள்ளு அசையாத மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க. தெர்மோஸ்டாட் விலை, அவரு போட்ட ரெண்டு ஃபில்டரோட பக்கத்துல வச்சா சில்லறைக் காசு.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் புரிஞ்சிடும். பழைய டீசல் வண்டியில டர்போ ஹோஸ் கிழிஞ்சாலோ டீசலை ஸ்ப்ரே பண்ற நாசில் ஒழுகுனாலோ பின்னாடி கருப்பா புகை தள்ளும், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சுச் சொல்லிடுவான். டிபிஎஃப் வந்தப்புறம் அந்தப் புகையை ஃபில்டர் முழுங்கிடுது. சைலன்ஸர் வாய் பளிச்சுன்னு இருக்கும், உள்ள கோளாறு வளர்ந்துக்கிட்டே இருக்கும், ஃபில்டர் நிறைஞ்ச அன்னைக்குத்தான் உங்களுக்கே தெரியும். அதனால அந்த லைட்டைப் புகைன்னு நினைச்சுக்கோங்க. புகை வந்தா சைலன்ஸரை மாத்துவீங்களா?

ஃபில்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கச் சொல்லுவேன்னா, முதல்ல அழுத்தத்தை அளக்குற சென்சார். ஃபில்டருக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் சின்ன ஹோஸ் போகும், அது வெடிச்சோ உருகியோ அடைச்சோ இருந்தாலே கம்ப்யூட்டருக்குத் தப்பான கணக்குதான் போகும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப்னு வச்சுப் பாத்தா அந்த சென்சார் பூஜ்ஜியத்தை ஒட்டி காட்டணும், ஓடாத இன்ஜின்லயே அழுத்தம் காட்டுச்சுன்னா சென்சார் பொய் சொல்லுது. அப்புறம் டர்போல இருந்து காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போற ஹோஸ், கிளாம்ப் பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கு தெரிஞ்சா அங்க காத்து லீக் ஆகுது, காத்து குறைஞ்சா கரி கூடும். அப்புறம் புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுற ஈஜிஆர் வால்வு திறந்தே மாட்டிக்கிச்சா, நாசில் எல்லாம் ஒரே அளவுல டீசல் விடுதா. சில வண்டிகள்ல, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக சூடு குடுக்குற ஹீட்டர் பிளக் ஒண்ணு போயிருந்தாலே ரீஜெனரேஷன் நடக்காது. நிறைய வண்டிகள்ல டீசல் ரிசர்வுல இருந்தாலும் நடக்காது, எப்பவும் ரிசர்வுலயே ஓட்டுற ஆளுங்க இதைக் கவனிங்க.

இதெல்லாம் பாக்காம லேப்டாப் மாட்டி ரீஜெனரேஷனை வலுக்கட்டாயமா ஓட்டுறதும் ஆபத்துதான். அளவுக்கு மீறி கரி சேந்த ஃபில்டரை அப்படி எரிச்சா சூடு கட்டுப்பாடில்லாம ஏறி உள்ள இருக்குற பீங்கானே வெடிச்சிடும். எத்தனை கிராம் கரி இருக்குன்னு ஸ்கேனர் காட்டும், அந்த வண்டியோட எல்லைக்குள்ள இருந்தாத்தான் அதைத் தொடணும்.

எரிஞ்சு போறது கரி மட்டும்தான். ஆயில்ல இருக்குற சேர்மானங்கள்ல இருந்து வர்ற சாம்பல் எரியவே எரியாது, அது ஃபில்டருக்குள்ளயே தங்கிடும். அதனாலதான் டிபிஎஃப் வண்டிக்கு சாம்பல் கம்மியா விடுற, டப்பாவுல சி2, சி3-ன்னு போட்டிருக்குற ஆயில் எதுவோ, மேனுவல்ல சொன்ன அதே ரகத்தை ஊத்தச் சொல்றாங்க. நிறைய கிலோமீட்டர் ஓடி சாம்பலாலயே ஃபில்டர் நிறைஞ்சுடுச்சுன்னா அப்போ நிஜமாவே கழட்டி கழுவவோ மாத்தவோ வேண்டியதுதான். அந்த ஒரு சந்தர்ப்பத்துல ஃபில்டரை மாத்துங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

டிப்ஸ்டிக்ல ஆயில் ஏறுறதைப் பாத்து சந்தோஷப்படுறது

என் வண்டி ஆயிலே குடிக்கறதில்ல, லெவல் கூடத்தான் செய்யுதுன்னு பெருமையா சொன்னவரைப் பாத்திருக்கேன். ஆயில் எங்க இருந்து சார் கூடும்? ரீஜெனரேஷன் பாதியில நிக்கும்போதெல்லாம் எரியாத டீசல் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல கலக்குது. ஆயில் தண்ணியாகும், பேரிங்கும் டர்போவும் தேயும். அதிகபட்ச கோட்டைத் தாண்டி ஏறிடுச்சுன்னா இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிச்சு, சாவியை எடுத்தாலும் நிக்காம அலறிக்கிட்டு ஓடுற நிலைமையும் வரலாம். கோட்டைத் தாண்டுன அன்னைக்கே ஆயிலை மாத்துங்க.

நிறுத்துனப்புறமும் ஃபேன் சத்தமா ஓடுதா, ஐடிலிங் கொஞ்சம் ஏறியிருக்கா, சூடான வாடை அடிக்குதா, ரீஜெனரேஷன் நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். முடிஞ்சா இன்னும் 10, 15 நிமிஷம் ஓட்டிட்டு வாங்க.

டீசல் டேங்க்ல பெட்ரோலை ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறது

சாவியைத் தொடாதீங்க. தள்ளி ஓரமா நிறுத்துங்க.

ஆட்ப்ளூவை டீசல் டேங்க்ல ஊத்துறது

ஆட்ப்ளூங்கிறது புகையைச் சுத்தம் பண்றதுக்குத் தனி டேங்க்ல ஊத்துற யூரியா கரைசல். மேல சொன்னதேதான், இன்னும் ரெண்டு மடங்கு பயத்தோட.

டிக்கி கதவு கோளாறுக்கு மோட்டாரை மாத்துறது

இது எஸ்டேட்டுக்குன்னே உள்ள வியாதி. பின் வைப்பர் ஓடாது, நம்பர் பிளேட் லைட்டு எரியாது, ஒரு நாள் டிக்கி லாக்கே திறக்காது. உடனே வைப்பர் மோட்டார் வாங்கிடுவாங்க. கூரைக்கும் டிக்கி கதவுக்கும் நடுவுல ரப்பர் குழாய் ஒண்ணு போகும், அதை உருவிப் பாருங்க, கதவைத் திறந்து திறந்து மூடுனதுல உள்ள ரெண்டு மூணு ஒயர் மடிஞ்சு அறுந்து கிடக்கும். அதே வழியாத்தான் நிறைய வண்டிகள்ல பின் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற ஹோஸும் போகுது, அது கழண்டா தண்ணி கூரைத்துணி வழியா இறங்கி ஸ்டெப்னி குழியில தேங்கும். சில எஸ்டேட்ல பேட்டரியும் எலக்ட்ரானிக்ஸும் அந்தப் பக்கம்தான் இருக்கும். வாங்கும்போது ஸ்டெப்னியைத் தூக்கி கீழ கையை வச்சுப் பாக்குறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பின்னாடி தொங்குனா சாதா ஷாக் அப்சார்பர் போடுறது

லோடு ஏத்துனாலும் பின்பக்கம் தானா உயரத்தைச் சரிபண்ணிக்கிற சஸ்பென்ஷன் எஸ்டேட்டுக்குப் பழைய விஷயம், 1977-ல வந்த மெர்சிடிஸ் 123 எஸ்டேட்லயே உண்டு. இப்போ ஏர் பேக் வச்சதும் இருக்கு, ஒயரே இல்லாம குலுங்குற குலுக்கல்லயே தன்னைத் தூக்கிக்கிற ஷாக் அப்சார்பரும் இருக்கு. ரெண்டாவது வகை உள்ள வண்டியில ஸ்பிரிங் வேணும்னே மெத்துனு இருக்கும். சாதா ஷாக்கை மட்டும் மாத்திட்டு ஸ்பிரிங்கை விட்டுட்டா காலி டிக்கியோடவே வண்டி உக்காந்துக்கும். ஏர் பேக் வண்டின்னா கம்ப்ரஸர் எரிஞ்சுடுச்சுன்னு கம்ப்ரஸரை மட்டும் மாத்தாதீங்க, ஏர் பேக்ல கீறல் இருந்ததாலதான் அது ஓயாம ஓடி எரிஞ்சிருக்கும், புதுசும் அதே வழியில போயிடும்.

அஞ்சாவது கியர்ல 1,200 ஆர்பிஎம்ல மேடு ஏத்துறது

இன்ஜினோட அதிர்வை உள்வாங்குற டூயல் மாஸ் ஃப்ளைவீலுக்கு நீங்களே நாள் குறிச்சுக் குடுக்குறீங்க.

சூடான இன்ஜினைப் பாத்து விலை பேசுறது

பழைய டீசல் பாக்கப் போறீங்கன்னா, நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பேச்சுவாக்குல பானெட் மேல கையை வைங்க. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், செயின் சத்தம், நாசில் தட்டுறது எல்லாம் குளிர்ந்த ஸ்டார்ட்லதான் வெளிய வரும், அரை மணி நேரம் ஓட்டி வச்ச வண்டியில எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் லேசா வெள்ளைப் புகை வந்து மறைஞ்சா பரவாயில்ல, தொடர்ந்து வந்தா விசாரிங்க. ஐடிலிங்ல கியர்பாக்ஸ் பக்கம் கடகடன்னு சத்தம் வந்து, கிளட்சை மிதிச்சதும் மாறுச்சுன்னா ஃப்ளைவீல் செலவை விலையில கழிச்சுக்கோங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, சைலன்ஸர் சில்லுன்னு இருக்கும்போதே அதோட வாய்க்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க. டிபிஎஃப் உள்ள வண்டியில விரல் கிட்டத்தட்ட சுத்தமா வரணும். கரி கெட்டியா அப்பிக்கிட்டு வந்துச்சுன்னா ஃபில்டர் உள்ள வெடிச்சிருக்கு, இல்ல யாரோ நோண்டி எடுத்துட்டாங்க. விலையை எவ்வளவு இறக்குனாலும் அந்த வண்டியை நான் வாங்க மாட்டேன்.