ஊசுட்டேரியில் பழகிக்கொண்டு கோத்தகிரி ஏறுவோம்: பறவைப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

புதுச்சேரியிலும் கடலூரிலும் பறவைப் படம் எடுக்க ஆசைப்படும் பலர், கேமரா வாங்கிய கையோடு மலைக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மலைச்சோலையில் வெளிச்சம் குறைவு. பறவைகள் சிறியவை, ஓரிடத்தில் தங்காதவை. வெட்டவெளியான நம் ஏரிகளில் கண்ணும் கையும் முதலில் பழகட்டும்.

படி 1: ஏரிக்கரையில் பயிற்சி

புதுச்சேரி நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் ஊசுட்டேரி இருக்கிறது. அதன் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலூர்க்காரர்களுக்கு வீராணம் ஏரி உண்டு. காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகிலும் பறவையின் முகத்திலும் விழும்.

முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. உள்ள) பைனாகுலர் போதும். ஒரே ஒரு கொக்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பறப்பதற்குச் சற்று முன்பு அது உடலைத் தாழ்த்தும், காலை மடக்கும். அந்த அசைவை அடையாளம் காணத் தெரிந்தவருக்கே இறக்கை விரியும் படம் கிடைக்கிறது. விலை உயர்ந்த லென்ஸால் இதைக் கற்றுத்தர முடியாது.

பிறகு கேமராவை எடுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 விநாடி, உட்கார்ந்திருப்பதற்கு 1/500 விநாடி என்று தொடங்கலாம். வெண்கொக்கின் மேல் நேர் வெயில் அடிக்கும்போது இறகின் வரிகள் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக இறக்குங்கள்; ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட நீர்க்காகம் கறுப்பு நிழலாகத் தெரிந்தால் ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். ஃபோகஸ் எப்போதும் பறவையின் கண்ணில் இருக்க வேண்டும்.

படி 2: இடமும் காலமும்

முதல் மலைப் பயணத்துக்கு நான் சொல்வது நீலகிரியின் கோத்தகிரி. கோவை வரை இரவுப் பஸ், அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலைப்பாதை. ஊரை ஒட்டியுள்ள லாங்வுட் சோலை 2024 ஜனவரியில் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி பெற்ற பிறகே உள்ளே போக வேண்டும். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணையவழி அனுமதி) தேவை.

நம்மை நனைக்கும் வடகிழக்குப் பருவமழைதான் மலையின் கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரியையும் நனைக்கிறது. எனவே அக்டோபர், நவம்பரைத் தவிர்த்து, டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை போகலாம். வலசை வந்த பறவைகளும் அப்போது அங்கே இருக்கும்.

படி 3: மூட்டை

மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, கம்பளி உடை, உபரி பேட்டரி (குளிரில் சார்ஜ் விரைவில் இறங்கும்), எஃகுத் தண்ணீர்க் குப்பி. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. ஈரமான நாட்களில் அட்டை ஏறும். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

படி 4: சோலை ஓரத்தில்

காட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பதைவிட, சோலையும் தேயிலைத் தோட்டமும் சந்திக்கும் ஓரத்தில் நிற்பது நல்லது. வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. நீலகிரி ஈப்பிடிப்பான் இப்படிப்பட்ட ஓரக் கிளைகளில் வந்து அமரும். கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பானுக்குப் பார்வையை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். அது புதர்களுக்கு அடியிலேயே திரியும்.

நீலகிரி சிரிப்பானை முதலில் காதால்தான் கண்டுபிடிப்பீர்கள். சிரிப்பு போன்ற குரல் கேட்ட திசையில் பைனாகுலரைத் திருப்பிக் காத்திருங்கள். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழக்கம் பரவிவருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. ஒரு படத்துக்காக அதற்கு அந்தத் துன்பம் வேண்டாம்.

நெடுநேரம் ஒன்றுமே தென்படாமல் இருக்கும். திடீரென்று வெள்ளைக்கண்ணி, பட்டாணிக்குருவி, ஈப்பிடிப்பான் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் கலப்புக் கூட்டம் அது. ஒன்று கிளப்பும் பூச்சி இன்னொன்றுக்கு உணவாகிறது. பல கண்கள் இருப்பதால் வல்லூறு வருவதும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. சில நிமிடங்களில் கூட்டம் கடந்துவிடும். எல்லாவற்றையும் துரத்தாமல், அருகிலிருக்கும் ஒரு பறவையை மட்டும் பின்தொடருங்கள்.

ஏரியில் வைத்த கேமரா அளவுகள் இங்கே உதவாது. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 1600 முதல் 3200 வரை உயர்த்தி, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டரை 1/250 வரை இறக்குங்கள். மரத்தில் தோளைச் சாய்த்து மூச்சை அடக்கி அழுத்தினால் கை நடுக்கம் குறையும். படத்தில் கொஞ்சம் புள்ளிகள் தெரிந்தாலும் பரவாயில்லை, பறவை தெளிவாக இருக்கட்டும்.

லென்ஸில் கண் வைத்திருக்கும்போதும் சுற்றிலும் கவனம் இருக்கட்டும். தேயிலைச் சரிவுகளில் காட்டெருமையும் கரடியும் நடமாடும் ஊர் அது. விடியும் முன் தனியாகப் போக வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை எதிர்ப்பட்டால் படத்தை மறந்துவிட்டு, அதற்கு வழிவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள்.

படி 5: அறைக்குத் திரும்பியதும்

குளிரிலிருந்து வந்த உடனே கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வையுங்கள். அதற்குள் பார்த்த பறவைகளின் பட்டியலை பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் செயலியில் பதிவு செய்துவிடலாம். எடுக்கத் தவறியவற்றையும் சேருங்கள். கூடு இருக்கும் படங்களை மட்டும் எங்கும் பகிராதீர்கள்.